‘ஷட்டில் ஒரு கையாலதானே ஆடுறாங்க?’: துளசிமதி முருகேசனின் பாராலிம்பிக் வெள்ளிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

பாரா பேட்மிண்டன் வீடியோ எதைப் போட்டாலும் கீழே ஒரு கேள்வி வந்துவிடும். “ஷட்டில் ஒரு கையாலதானே ஆடுறாங்க? இன்னொரு கையில பிரச்சினை இருந்தா என்ன கஷ்டம்?”

கேட்பவர்களில் பலர் கிண்டலுக்காகக் கேட்பதில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்தால், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வென்ற வெள்ளிப் பதக்கத்தின் எடை என்ன என்பதும் தெரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த துளசிமதி?

2002-ம் ஆண்டு ஏப்ரல் 11-ம் தேதி பிறந்தவர். சொந்த ஊர் காஞ்சிபுரம். அப்பா தினக்கூலித் தொழிலாளி. ஆனால் விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். துளசிமதிக்கும் அவரது சகோதரிக்கும் முதலில் ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அப்பாதான். தனியாகக் கோச் வைக்க வசதி இல்லாத வீட்டில் அப்பாவே கோச் ஆனார்.

துளசிமதிக்குப் பிறவியிலேயே இடது கையில் குறைபாடு உண்டு. பிறகு நடந்த ஒரு விபத்தில் அதே கையில் நரம்பு பாதிப்பும் சேர்ந்தது. நரம்பு வேலை செய்யாவிட்டால் அந்த நரம்பை நம்பியிருக்கும் தசைகள் மெல்ல மெல்லச் சுருங்கும். கையின் பலமும் அசைவும் குறையும். துளசிமதியின் இடது கைக்கு நடந்தது இதுதான். வலது கையில்தான் அவர் ராக்கெட் பிடிக்கிறார்.

இன்னொரு விஷயம். இவர் படித்தது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. ஆசியப் போட்டி, பாராலிம்பிக் என்று உலகம் சுற்றிய அதே ஆண்டுகளில்தான் இந்தப் படிப்பும் ஓடியது.

எஸ்யு5 என்றால் என்ன?

பாரா பேட்மிண்டன் செய்தியில் வீராங்கனையின் பெயருக்குப் பக்கத்தில் ‘எஸ்யு5’ என்று வரும். பலரும் அதைப் படிக்காமலே தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு வீராங்கனை யாரோடு ஆடுவார், எந்தக் கோர்ட்டில் ஆடுவார், யாரை ஜோடியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வதே இந்தச் சின்னக் குறியீடுதான்.

உடல் பாதிப்பின் தன்மையைப் பொறுத்து வீரர்களை ஆறு பிரிவாகப் பிரிக்கிறார்கள்.

• டபிள்யூஹெச்1, டபிள்யூஹெச்2: சக்கர நாற்காலியில் ஆடுபவர்கள். பாதிப்பு அதிகம் உள்ளவர்கள் முதல் பிரிவு.

• எஸ்எல்3: நின்று ஆடுபவர்கள். காலில் பாதிப்பு அதிகம். ஒற்றையர் ஆட்டத்தில் இவர்களுக்கு நீளவாக்கில் பாதி கோர்ட்தான்.

• எஸ்எல்4: இவர்களுக்கும் காலில்தான் பாதிப்பு. ஆனால் எஸ்எல்3 பிரிவை விடக் குறைவு. முழு கோர்ட்.

• எஸ்யு5: கையில் பாதிப்பு உள்ளவர்கள். முழு கோர்ட்.

• எஸ்ஹெச்6: உயரம் குறைந்தவர்கள்.

எஸ்யு5 பிரிவில் பாதிப்பு ராக்கெட் பிடிக்கும் கையில் இருக்கலாம், இன்னொரு கையிலும் இருக்கலாம். இரண்டு வகையினரும் ஒரே பிரிவில்தான் ஆடுவார்கள்.

‘முழு கோர்ட்’ என்பதைக் கவனியுங்கள். ஒற்றையர் கோர்ட் 13.40 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். பி.வி.சிந்து ஆடும் ஒற்றையர் கோர்ட்டும் இதே அளவுதான். வலையின் உயரம், 21 புள்ளி, மூன்று கேமில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்ற விதி, இதிலும் மாற்றம் இல்லை. எஸ்யு5 வீராங்கனைக்குக் கோர்ட்டிலோ புள்ளியிலோ எந்தச் சலுகையும் கிடையாது.

சரி, அந்த இன்னொரு கை என்னதான் செய்கிறது?

இப்போது நம்ம கேள்விக்கு வருவோம். சும்மா ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு பந்தை முழு வேகத்தில் எறியுங்கள். ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். உடம்பு ஒரு பக்கமாக இழுக்கும். பந்தும் வழக்கமான தூரம் போகாது.

ஸ்மாஷ் அடிக்கும்போதும் இதே கதைதான். மேலிருந்து வரும் ஷட்டிலை அடிக்க, வீரர்கள் ராக்கெட் பிடிக்காத கையை முதலில் மேலே தூக்குவார்கள். ஷட்டிலைச் சுட்டிக்காட்டுவது போலத் தெரியும். பிறகு அந்தக் கையைக் கீழே இழுப்பார்கள், அந்த இழுப்பில் தோள் திரும்பும், ராக்கெட் கை முன்னே பாயும். வேகத்தின் ஒரு பங்கு அந்த இழுப்பிலிருந்துதான் வருகிறது.

வலைக்குப் பக்கத்தில் விழும் ஷட்டிலை எடுக்க ஒரு காலை நீட்டிப் பாயும்போது இன்னொரு கை பின்னால் விரியும். கம்பி மேல் நடப்பவர் கையில் வைத்திருக்கும் கழி மாதிரி. அந்தக் கைதான் உடம்பு முன்னே கவிழாமல் பிடித்து வைக்கிறது, சட்டென்று திரும்பி நடு கோர்ட்டுக்கு வரவும் உதவுகிறது. குதித்து இறங்கும்போது உடம்பை நேராக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

சர்வீஸ் இன்னும் எளிமையான உதாரணம். ஒரு கையில் ராக்கெட், இன்னொரு கையில் ஷட்டில். அந்த இன்னொரு கை விரல்களுக்குப் பலம் இல்லை என்றால் ஷட்டிலைப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புள்ளி தொடங்குவதே இங்கேதான்.

ஆக, ராக்கெட் ஒரு கையில் இருந்தாலும் பேட்மிண்டனை முழு உடம்பும் சேர்ந்துதான் ஆடுகிறது. ஒரு கை ஒத்துழைக்காதபோது அந்த வேலையை இடுப்பும் காலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முழு கோர்ட்டையும் மூடிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். எஸ்யு5 ஆட்டக்காரர்களின் கால் வேகம் பார்ப்பவர்களை அசத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹாங்சோ: ஒரே தொடரில் மூன்று நிறம்

துளசிமதியின் பெயர் நாடு முழுக்கத் தெரிய வந்தது 2023 அக்டோபரில். சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி நடந்தது. 2022-ல் நடக்க வேண்டியது, ஓராண்டு தள்ளிப்போனது. அதனால் ‘2022 ஆசிய பாரா விளையாட்டு’ என்ற பெயரிலேயே 2023-ல் நடந்தது.

அங்கே துளசிமதி வென்றவை:

• பெண்கள் ஒற்றையர் எஸ்யு5: தங்கம்

• பெண்கள் இரட்டையர், மானசி ஜோஷியுடன்: வெள்ளி

• கலப்பு இரட்டையர், நிதேஷ் குமாருடன்: வெண்கலம்

தங்கத்துக்கான இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் சீனாவின் யாங் சியூசியா. டோக்கியோ பாராலிம்பிக் சாம்பியன். ஆட்டம் நடப்பது அவரது சொந்த நாட்டில். துளசிமதி 21-19, 21-19 என்ற கணக்கில் ஜெயித்தார். இரண்டு கேமிலும் வித்தியாசம் இரண்டே புள்ளி. இந்த ஸ்கோரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாரிஸ் வரும்போது தேவைப்படும்.

இரட்டையரில் ஒரு ‘எட்டு’ கணக்கு

மானசி ஜோஷி, நிதேஷ் குமார் இருவருமே எஸ்எல்3 பிரிவு. அதாவது காலில் பாதிப்பு உள்ளவர்கள். கையில் பாதிப்பு உள்ள துளசிமதி ஏன் இவர்களோடு ஜோடி சேர்கிறார்?

அதற்கு ஒரு விதி இருக்கிறது. எஸ்எல்3 முதல் எஸ்யு5 வரையிலான பெண்கள் இரட்டையர் மற்றும் கலப்பு இரட்டையரில், ஜோடியின் பிரிவு எண்களைக் கூட்டினால் எட்டுக்கு மேல் போகக் கூடாது. எஸ்யு5-க்கு ஐந்து. மிச்சம் இருப்பது மூன்று. அதனால் துளசிமதிக்கு ஜோடி எஸ்எல்3-ல் இருந்துதான் வர வேண்டும். எஸ்எல்4 வீராங்கனையோடு சேர்ந்தால் ஒன்பது ஆகிவிடும். இரண்டு எஸ்யு5 சேர்ந்தால் பத்து. இரண்டுமே முடியாது.

இப்படிச் சேரும் ஜோடிக்கு முழு இரட்டையர் கோர்ட். ஓட முடிந்தவர் அதிகப் பரப்பை ஓடி மூடுவார், கால் பாதிப்பு உள்ளவர் தன் எல்லைக்குள் வருவதைக் கூர்மையாக முடிப்பார். ஒருவர் குறையை இன்னொருவர் பலம் ஈடுகட்டுகிற மாதிரி போட்ட விதி இது. துளசிமதிக்கு இதனால் ஒற்றையரில் ஓடுவதை விட இரட்டையரில் ஓட்டம் குறைந்துவிடாது.

பாரிஸுக்குப் போகும் முன்பே கைநழுவிய ஒரு வாய்ப்பு

ஒரு வீராங்கனையின் பதக்கங்களை எண்ணும்போது, எத்தனை பதக்கத்துக்கு ஆட அவருக்கு வாய்ப்பு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் பேட்மிண்டன் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 14 பதக்கப் போட்டிகள். அதில் எஸ்எல்3-எஸ்யு5 பெண்கள் இரட்டையரும் இருந்தது. பாரிஸில் மொத்த எண்ணிக்கை 16 ஆகக் கூடியது. எஸ்எல்3 பெண்கள் ஒற்றையர், எஸ்ஹெச்6 பெண்கள் ஒற்றையர் எல்லாம் புதிதாக வந்தன. ஆனால் நின்று ஆடுபவர்களுக்கான பெண்கள் இரட்டையர் பட்டியலில் இல்லை.

அதாவது ஹாங்சோவில் மானசியோடு வெள்ளி வென்றாரே, அந்தப் போட்டியே பாரிஸில் கிடையாது. துளசிமதிக்கு மிச்சம் இருந்தது ஒற்றையர், கலப்பு இரட்டையர் இரண்டும்தான். நிதேஷ் குமாருடன் ஆடிய கலப்பு இரட்டையர் குரூப் சுற்றோடு முடிந்தது. பிறகு இருந்தது ஒரே ஒரு வழி: ஒற்றையர்.

அரையிறுதி: யாருக்குக் கை தட்டுவது?

ஒற்றையரில் துளசிமதிக்கு முதல் தரவரிசை. அரையிறுதியில் எதிரே வந்தவர் யார் தெரியுமா? திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ்.

மனிஷாவுக்கு ‘எர்ப்ஸ் பால்ஸி’ என்ற பாதிப்பு. பிரசவ நேரத்தில் குழந்தையின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள நரம்புக் கற்றை இழுபட்டால் கை முழுதாக அசையாமல் போகலாம். மனிஷாவுக்கு அது வலது கையில். அதனால் அவர் இடது கையில் ராக்கெட் பிடிக்கிறார். 2022-ல் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 17 வயதிலேயே எஸ்யு5 ஒற்றையர் தங்கம் வென்றவர். அந்த ஆண்டின் சிறந்த பாரா பேட்மிண்டன் வீராங்கனை விருதை உலக பேட்மிண்டன் சம்மேளனம் அவருக்கு வழங்கியது.

ஆசிய சாம்பியன் ஒரு பக்கம், முன்னாள் உலக சாம்பியன் மறுபக்கம். ஒருவர் வலது கை, இன்னொருவர் இடது கை. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இருவரும் தமிழ்நாடு. யார் ஜெயித்தாலும் இந்தியாவுக்கு ஒரு பதக்கம் உறுதி. ஆனால் இறுதிப் போட்டிக்குப் போகப் போவது ஒருவர் மட்டும்தான்.

முதல் கேம் 20-20 வரை போனது. 20-20 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னிலை எடுப்பவருக்குத்தான் கேம். 23-21 என்று துளசிமதி எடுத்தார். இரண்டாவது கேம் 21-17. துளசிமதி இறுதிப் போட்டிக்கு, மனிஷா வெண்கலப் போட்டிக்கு. அந்த நேரத்தில் டிவி முன்னால் இருந்த நம்மில் பலருக்கு சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, 2024

இறுதிப் போட்டியில் வலைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் யாங் சியூசியா. ஹாங்சோவில் சொந்த ரசிகர்கள் முன்னால் தோற்றவர், பத்து மாதம் கழித்துத் தன் பாராலிம்பிக் பட்டத்தைக் காக்க வந்திருந்தார்.

17-21, 10-21. துளசிமதி நேர் கேமில் தோற்றார்.

இரண்டு ஸ்கோரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாங்சோவில் துளசிமதி எடுத்தது மொத்தம் 42 புள்ளி, யாங் 38. பாரிஸில் யாங் 42, துளசிமதி 27. முதல் கேமில் ஓரளவு நெருக்கம் இருந்தது. இரண்டாவதில் யாங் விலகிப் போய்விட்டார். பாதிப்பின் அளவு ஒரே பிரிவுக்குள் வருகிறது, கோர்ட் ஒன்று, விதி ஒன்று. ஆகவே இந்த மாற்றத்தை விளக்க ‘குறைபாடு’ என்ற வார்த்தை உதவாது. ஒரு உச்சமான எதிராளி ஒரு தோல்வியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார், அன்றைக்குத் துளசிமதியை விட நன்றாக ஆடினார். சிந்துவுக்கும் சாய்னாவுக்கும் நடந்திருக்கும் அதே சாதாரண விளையாட்டுத் தோல்வி. அதை அப்படியே சொல்வதுதான் துளசிமதிக்கு நாம் தரும் மரியாதை. ‘ஊனத்தை வென்றார்’ என்று எழுதிவிட்டால் அவர் யாங்கை எப்படி வென்றார், எப்படித் தோற்றார் என்ற கதையே காணாமல் போய்விடும்.

அதே நாளில் மனிஷா வெண்கலப் போட்டியில் டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரனை 21-12, 21-8 என்று வீழ்த்தினார். மேடையில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் தமிழ்நாடு.

பலர் கவனிக்காத ஒரு ‘முதல்’

டோக்கியோ பாராலிம்பிக் பேட்மிண்டனில் இந்தியாவுக்கு நான்கு பதக்கங்கள் கிடைத்தன. பிரமோத் பகத், கிருஷ்ணா நாகர் தங்கம், சுஹாஸ் யதிராஜ் வெள்ளி, மனோஜ் சர்க்கார் வெண்கலம். நால்வரும் ஆண்கள்.

பாரிஸில் ஐந்து பதக்கம். நிதேஷ் குமார் தங்கம், சுஹாஸ் மீண்டும் வெள்ளி. மற்ற மூன்றும் பெண்களுடையது: துளசிமதி வெள்ளி, மனிஷா வெண்கலம், ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன் எஸ்ஹெச்6 பிரிவில் வெண்கலம்.

ஆக, பாராலிம்பிக் பேட்மிண்டனில் இந்தியப் பெண்கள் வென்ற முதல் மூன்று பதக்கங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தவை. காஞ்சிபுரம், திருவள்ளூர், ஓசூர். அந்த மூன்றில் உயர்ந்தது துளசிமதியின் வெள்ளி.

பரிசும் விருதும்

தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷா, நித்ய ஸ்ரீ ஆகியோருக்குத் தலா 1 கோடி ரூபாயும் வழங்கியது. மத்திய அரசு பாராலிம்பிக் வெள்ளிக்கு அறிவித்த தொகை 50 லட்சம் ரூபாய். 2025 ஜனவரி 17-ம் தேதி குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்த விழாவில் மூவரும் அர்ஜுனா விருது பெற்றனர். தினக்கூலியில் ஓடிய வீட்டுக்கு அந்தத் தொகை என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. பரிசு வருவது ஜெயித்த பிறகு. ராக்கெட்டுக்கும் ஷட்டிலுக்கும் பயணத்துக்கும் காசு தேவைப்படுவது ஜெயிக்கும் முன்பு. துளசிமதி வீட்டில் அந்த ஆரம்ப ஆண்டுகளைத் தாங்கியது அப்பாவின் உழைப்பும் ஆர்வமும். அப்படி ஒரு அப்பா இல்லாத குழந்தைக்கு என்ன வழி என்பது இன்னும் மிச்சமிருக்கும் கேள்வி.

அடுத்து என்ன?

துளசிமதி தங்கம் வென்ற ஆசிய பாரா விளையாட்டின் அடுத்த பதிப்பு 2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில். அடுத்த பாராலிம்பிக் 2028-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில். அப்போது துளசிமதிக்கு வயது 26.

அடுத்த முறை எஸ்யு5 ஆட்டம் பார்க்கும்போது ஒரு நிமிடம் ஷட்டிலை விட்டுவிட்டு, ராக்கெட் இல்லாத கையைப் பாருங்கள். பிறகு கால்களைப் பாருங்கள். அந்தக் கை செய்யாத வேலையை யார் செய்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கையில் பாதிப்புள்ள ஒரு குழந்தை விளையாட ஆசைப்பட்டால்? மாவட்டத் தலைநகரில் உள்ள விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் பாரா விளையாட்டு பற்றிக் கேளுங்கள். எந்தப் பிரிவில் வரும் என்பதை முடிவு செய்ய மருத்துவ ஆவணங்கள் தேவைப்படும், அவற்றைப் பத்திரமாக வையுங்கள். “ஒரு கைதானே, இதெல்லாம் எதுக்கு” என்று யாராவது சொன்னால், காஞ்சிபுரத்துப் பெண்ணின் ஹாங்சோ ஸ்கோரைச் சொல்லுங்கள்: 21-19, 21-19.